ஒரு மணி நேர வேலை

முதல் குத்தில் கடப்பாரை வழுக்கியது. இரண்டாவது குத்தில் சிமென்டுச் சில் ஒன்று பெயர்ந்து என் நெற்றியில் தெறித்தது. மூன்றாவது குத்தை முதலாளியின் முதுகு என்று நினைத்துப் போட்டேன். தளம் பிளந்தது.

விடிந்தும் விடியாத நேரம். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. பெரிய இரும்புக் கதவுக்கு உள்ளே முதலாளியின் வீடு மூன்று மாடி உயரத்துக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. கதவிலிருந்து வாசற்படி வரை கார் போகிற சிமென்டுப் பாதை. அதற்கு அடியில்தான் வீட்டுக்குத் தண்ணீர் போகிற குழாய். அது உடைந்து இரண்டு நாளாகிறது. பாதை ஓரத்துப் புல் சொதசொதவென்று ஊறி, மிதித்தால் கணுக்கால் வரை போனது. வீட்டுக்குள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நாங்கள் நான்கு பேர். மேஸ்திரி, பதினைந்து வருஷமாக இந்த முதலாளியிடம் குழாய் வேலை பார்ப்பவர். முதலாளி தும்மினால் இவர் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வார். ரேடியோ, மண் வெட்டுகிறவன். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்தவன் மாதிரி பேசிக்கொண்டே இருப்பான். அண்ணி, வெட்டிய மண்ணைச் சட்டியில் அள்ளிக் கொட்டுகிறவர். நான் குழாயை இணைக்கிறவன். மூன்று மாதம் முன்புவரை அந்த வேலையைச் செய்தவர் அண்ணியின் புருஷன். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடுப்பில் கம்பி மாட்டிக் கிடக்கிறார். அவருடைய ரெஞ்சை நான் எடுத்துக்கொண்டேன். சட்டியை அண்ணி எடுத்துக்கொண்டார்.

அது நடந்தது வேறொரு தெருவில். ஆளுயரத்துக்கும் மேலான குழி, மழை பெய்து ஓய்ந்த மண். அப்படிப்பட்ட குழியில் இரண்டு பக்கமும் பலகை சார்த்தி, குறுக்கே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் சரியும். பலகை கேட்டோம். முதலாளி காரிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"பலகை எல்லாம் வேற எடத்துல மாட்டிக்கிட்டு இருக்கு. ஒரு மணி நேர வேலைதானே? எறங்கச் சொல்லு."

அண்ணன் இறங்கினார். நாற்பதாவது நிமிஷம் இடது பக்க மண் அப்படியே படுத்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு தொப். நெஞ்சு வரை மண். மண்வெட்டி போட்டால் அவர் மேல் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினோம். என் நகம் இரண்டு அன்றைக்குப் போனது. இன்னும் சரியாக முளைக்கவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் முதலாளியின் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை நீட்டினார். "சீக்கிரம் போடுங்கப்பா, இது இருந்தாத்தான் உள்ள சேப்பாங்க." மேஸ்திரி போட்டார். ரேடியோ போட்டான். நானும் போட்டேன். எங்களில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட விரித்து வைத்து வாசிக்கிறவன். அந்தக் காகிதத்தை மட்டும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, அதில் இருந்தது இதுதான்: அண்ணன் குடித்துவிட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும், பலகை வைப்பதற்கு முன்பே தானாக இறங்கினார். நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

அண்ணன் குடிக்கவே மாட்டார். டீ கொடுத்தால்கூட அரைக் கிளாஸ் போதும் என்பார்.

அந்தக் காகிதத்தால் அது வேலையில் பட்ட அடி இல்லை என்றாகிவிட்டது. இன்னொரு தடவை அறுத்து இடுப்பெலும்பைச் சேர்க்காவிட்டால் அவரால் எழுந்து நிற்க முடியாது என்றார் டாக்டர். வேலையில் பட்ட அடிதான் என்று தொழிலாளர் அலுவலகம் சொன்னால்தான் அந்த ஆபரேஷன். விசாரணை நாளைக் காலை. அதற்குள் கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் 'நாங்கள் சொன்னது பொய்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் 'ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்' என்று தள்ளிவிடுவார்களாம்.

அண்ணி எங்களிடம் வந்து கேட்டுப் பதினெட்டு நாள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான். "பாக்கலாம் அண்ணி" என்றேன் நான். நாங்கள் தங்கியிருக்கிற ஷெட்டும் முதலாளியுடையது. ஊர் ரொம்பத் தூரம். எல்லாம் காரணம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுகூட இல்லை. அண்ணி அதற்கப்புறம் கேட்கவில்லை. தினமும் வந்தார், மண் சுமந்தார், ராத்திரி படுக்க ஆஸ்பத்திரிக்கே போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

வெயில் ஏறும்போது இடுப்பளவுக்கு வெட்டி, குழாயைக் கண்டுவிட்டோம். பழைய இரும்புக் குழாய். எட்டு வருஷத்துக்கு முன்பு இந்த வீடு கட்டும்போது நாங்களே பதித்தது. ரேடியோ கையால் சேற்றை வழித்தான்.

"இங்க பாரு. இதான் ஒடைஞ்ச எடம். வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு, எங்க மாமியா மாதிரி."

குழாய் ஒரு கான்கிரீட் கட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. கட்டியின் முனை குத்திய இடத்தில் சரியாகக் கீறல். எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. குழாய்க்கு அடியில் மணல் போட வேண்டும். மணல் மெத்தை மாதிரி. மேலே எவ்வளவு பாரம் ஏறினாலும் பங்கிட்டுக் கொள்ளும். அன்றைக்கு அண்ணன் மணல் கேட்டார். "மணல் எதுக்குப்பா? மண்ணுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றார் முதலாளி. கட்டட இடிசலின் மேலேயே பதிக்கச் சொன்னார். எட்டு வருஷம் அவர் காரே அதன் மேல் ஏறி இறங்கி, அவர் குழாயை உடைத்திருக்கிறது.

கீறலிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஓர் இணைப்பு. அண்ணன் போட்டது. நூல் சுற்றி, வெள்ளை பெயின்ட் தடவி முறுக்கி முடித்ததும் கட்டைவிரலால் அதன் மேல் ஓர் அழுத்து அழுத்துவார். பழக்கம். அந்த ரேகை அப்படியே இறுகிப்போய் இருந்தது. துணியால் துடைத்துத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எட்டு வருஷத்தில் ஒரு சொட்டுக் கசிந்த தடம் இல்லை.

அண்ணி சட்டியோடு வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் கட்டைவிரலை அந்த ரேகை மேல் வைத்தார். பிறகு எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, சட்டியை நீட்டினார்.

"மண்ணப் போடு ரேடியோ. வேடிக்க பாத்தது போதும்."

பழைய குழாயை அறுத்து, இணைப்பு இருந்த துண்டை மேலே வைத்தேன். புதுக் குழாயை இறக்கினோம். மேஸ்திரி ஆள் அனுப்பி வரவழைத்த மணல் வந்திருந்தது. ரேடியோ கதவுப் பக்கம் வெட்டப் போனான். நான் குனிந்து மணலைப் பரப்பும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்ன, காலையிலிருந்தே உள்ளே கிடந்தது. இப்போது எழுந்து உட்கார்ந்தது.

பிடியளவு கருங்கல் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் கூர். காரின் முன்சக்கரம் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, கூர்ப்பக்கம் மேலாக, குழாய்க்கு அடியில் செருகினேன். சுற்றி மணலை அணைத்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்றைக்கு ஒழுகாது, அடுத்த வருஷமும் ஒழுகாது. ஒரு நாள், நாங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்ட பிறகு, படாரென்று போகும். வீட்டு அஸ்திவாரத்தைத் தண்ணீர் அரிக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் ஒரு சூடு வந்தது.

"அது என்ன தம்பி?"

அண்ணி பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"எது அண்ணி?"

"பைப்புக்குக் கீழ வெச்சியே, அது."

மணலை இன்னும் கொஞ்சம் அணைத்தேன். அவர் சட்டியை இறக்கிவிட்டுக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். எட்டு வருஷமாகக் குழாய்க்காரனோடு குடும்பம் நடத்தியவர். அவருக்குக் கல்லும் தெரியும், மணலும் தெரியும்.

"எத்தன நாளாகும் ஒடைய?"

"ரெண்டு வருஷம். மூணு."

"ஒடைஞ்சா, அவனா வந்து தோண்டுவான்?"

நான் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ ஒருத்தன எறங்கச் சொல்லுவான். ஊறிப்போன மண்ணு, பலகை இருக்காது. அப்ப எவளோ ஒருத்தி ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருப்பா." குரலைத் தாழ்த்தினார். "அவன விட்டுடுன்னு நான் சொல்லல. என் வயித்துல எரியறதுல பாதிகூட உனக்கு எரியாது. ஆனா உன் பழி மூணு வருஷம் மண்ணுக்குள்ள படுத்துத் தூங்கும். அவ்ளோ பொறுமை எனக்கு இல்ல. எனக்கு இன்னிக்கே வேணும். அவன் மூஞ்சிக்கு நேரா வேணும். எடு அத."

எடுத்தேன். கல் வைத்த இடத்தில் மணலைத் தட்டிச் சமமாக்கினேன். என் காது மடல் எரிந்தது. வெட்கமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கதவுப் பக்கம்தான் தெருவின் பெரிய குழாயோடு சேர்க்க வேண்டிய இடம். அங்கே குழி ஆளுயரம். ரேடியோ நெஞ்சளவு போகும்வரை ஒரு சினிமாக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்தளவு போனபோது கதை பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். சுவர் இரண்டும் வியர்த்தது போலத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மண் தானாகப் பெயர்ந்து அவன் தோளில் விழுந்தது. ரேடியோ மண்வெட்டியை மேலே வீசிவிட்டுத் தொற்றி ஏறி வந்தான்.

"மேஸ்திரி, பலகை வேணும்."

அவ்வளவுதான் சொன்னான். ரேடியோ இரண்டு வார்த்தையில் பேசினால் விஷயம் பெரிது.

மேஸ்திரி குழியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளி வந்த கோலத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு கன்னம் மழித்திருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை. பாட்டில் தண்ணீர் பாதியில் தீர்ந்துவிட்டதாம். காய்ந்த நுரை பேசும்போது உதிர்ந்தது.

"என்ன மேஸ்திரி? மத்தியானத்துக்குள்ள தண்ணி வரும்னியே?"

"மொதலாளி... மண்ணு ரொம்ப ஊறிக் கெடக்கு. நாலு பலகை இருந்தா..."

"பலகை குடோன்ல இருக்கு. வண்டி புடிச்சுக் கொண்டாரதுக்குள்ள பொழுது போயிடும். மிச்சம் என்ன இருக்கு, ஒரு ஜாயிண்டு. ஒரு மணி நேர வேலைதானே?"

அதே வார்த்தை. அதே இழுப்பு. மேஸ்திரியின் தோள் ஒரு தடவை குலுங்கியதை நான் பார்த்தேன். அண்ணி சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க, மொதலாளி."

"ஏம்மா, பாவம் பாத்து உனக்கு வேலை குடுத்தேன். அதுக்கு இதா?"

"பாவம் பாத்தது போதும். கொஞ்சம் குழியப் பாருங்க."

"உன் புருஷன் குடிச்சிட்டு விழுந்தா நான் என்ன பண்றது? உங்க ஆளுங்களே எழுதிக் குடுத்திருக்கானுங்க. இதோ நிக்கிறானுங்களே, கேளு."

நான் போய் அந்தப் பழைய குழாய்த் துண்டைத் தூக்கிவந்து அவர் காலடியில் போட்டேன். சிமென்டில் பட்டுக் கணீரென்றது. அவர் ஓரடி பின்னால் போனார்.

"இது அவர் போட்ட ஜாயிண்டு மொதலாளி. எட்டு வருஷம் ஆச்சு. தொட்டுப் பாருங்க, காஞ்சு கெடக்கு. ஒடைஞ்சது இங்க. மணல் வேணாம்னீங்களே, அந்த எடத்துல."

"நீ என்ன, வக்கீலா?"

"இல்ல. வாசிக்காம கையெழுத்துப் போட்ட முட்டாள்."

"டேய், யார்கிட்ட..."

அண்ணி குறுக்கே வந்தார். கையை நீட்டிக் குழியைக் காட்டினார், வீட்டுக்கு வந்தவர்களை உள்ளே கூப்பிடுவது போல.

"ஒரு மணி நேரம்தானே? வாங்க, நீங்களும் எறங்குங்க. அந்த எடது பக்கத்துச் சொவத்துக்கிட்ட நில்லுங்க. நானும் பக்கத்துலயே நிக்கிறேன். தம்பி ஜாயிண்டு போடட்டும். முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா மேல வருவோம். உங்க வீட்டுத் தண்ணிதானே?"

"ஆமா மொதலாளி," என்றான் ரேடியோ. "உள்ள குளுகுளுன்னு இருக்கு. ஏசி தோத்துடும்."

கதவோரம் நின்ற வாட்ச்மேனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்று பார்த்தாள்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னடா பெரிய குழி" என்று விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவர் கனத்துக்கு விளிம்பு ஒரு பிடி நழுவியது. இரண்டு கையையும் காற்றில் வீசிப் பின்னால் துள்ளினார். தப்பித்துவிட்டார். ஒரு செருப்பு மட்டும் கழன்று உள்ளே விழுந்து, அடியில் இருந்த சேற்றுத் தண்ணீரில் மிதந்தது.

"எடு அத" என்றார் ரேடியோவைப் பார்த்து.

ரேடியோ நகரவில்லை.

"எடுடாங்குறேன்!"

"நீங்களே எடுத்துக்குங்க மொதலாளி. ஒரு நிமிஷ வேலைதானே?"

ஒற்றைக் கால் செருப்பும் ஒற்றைக் கன்ன நுரையுமாக அவர் நின்றார். அவர் கண்ணில் அப்போது ஒன்றைப் பார்த்தேன். அன்றைக்கு அண்ணன் இறங்குவதற்கு முன்னால் விளிம்பில் ஒரு நொடி நின்றாரே, அப்போது அவர் கண்ணில் இருந்தது. பயம். அப்படியானால் இவருக்கும் தெரியும். குழி என்ன செய்யும் என்று எல்லாம் தெரிந்துதான் எங்களை இறங்கச் சொல்கிறார். தெரியாமல் செய்தார் என்று மனசின் ஒரு மூலையில் இத்தனை நாள் வைத்திருந்த கொஞ்சநஞ்சமும் அந்த இடத்திலேயே செத்தது.

"சாயங்காலத்துக்குள்ள ஷெட்டு காலியாகணும். நாலு பேரும். உங்கள மாதிரி நாப்பது பேர் வெளிய நிக்கிறான்." போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே போனார். கதவைப் படாரென்று சாத்தினார்.

"நாலு பேருமாமே," என்றான் ரேடியோ. "மேஸ்திரி, நீங்க வாயே தொறக்கலியே, உங்களையும் சேத்துட்டாரு."

மேஸ்திரி எங்களுக்கும் வாசலுக்கும் நடுவில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கமும் வரவில்லை. வீட்டுப் பக்கமும் போகவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மினி லாரி வந்து நின்றது. வேறொரு கான்ட்ராக்டரின் ஆட்கள், ஆறு பேர். அவர்களின் தலைவன் குள்ளமான, அகலமான ஆள். கூட வந்தவர்கள் கட்டையன் என்று கூப்பிட்டார்கள். இறங்கியதும் எங்களைத்தான் பார்த்தான். வேலைக்காரன் கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னொரு வேலைக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை.

"என்னப்பா, சண்டையா?"

"சேச்சே," என்றான் ரேடியோ. "காத்து வாங்குறோம்."

முதலாளி வெளியே வந்தார். நுரையைத் துடைத்திருந்தார், மழிக்காத கன்னம் அப்படியே இருந்தது. "வாங்க வாங்க. ஒரே ஒரு ஜாயிண்டு. ரெட்டக் கூலி தர்றேன். இவனுங்க கெடக்கிறானுங்க."

கட்டையன் குழியோரம் குந்தினான். கம்பியால் சுவரைக் குத்தினான். குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிசைந்தான். அது விரலிடுக்கு வழியாக வழிந்தது. கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"பலகை எங்கங்க?"

"நீயுமா? ரெட்டக் கூலின்னு சொன்னேனே."

"கூலி ரெட்ட, சரிங்க. இடுப்பு ஒண்ணுதான இருக்கு?"

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். முதலாளி யாருக்கோ போன் போட்டபடி மறுபடியும் உள்ளே போனார். கட்டையன் திரும்பி அண்ணியைப் பார்த்தான். ஆண்கள் நடுவில் மண் சுமக்கிற ஒற்றைப் பெண்.

"நீங்க... அந்தக் குழியில மாட்டுனவரோட வீட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

"குடிச்சிட்டு எறங்கிட்டாருன்னு சொன்னாங்களே."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேள்விப்பட்டதைச் சொன்னான். அப்படியென்றால் இந்த ஊரில் குழாய் வேலை பார்க்கிற ஒவ்வொருவனும் அதையே கேள்விப்பட்டிருக்கிறான். எங்கள் கையெழுத்து எங்களைவிட வேகமாக நடந்திருக்கிறது. அண்ணி திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், அவ்வளவுதான்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கட்டையன் எங்களைக் கேட்டான்.

பதினெட்டு நாளாக 'பாக்கலாம்' என்று சொன்ன நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன்.

"பாத்தேன். அவர் குடிக்கல. பலகை கேட்டோம், குடுக்கல. ஒரு மணி நேர வேலைன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டது பொய்."

"நானும்" என்றான் ரேடியோ.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தோம். அவர் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது கேட்டது. தொப்.

யாரும் கத்தவில்லை. திரும்பிப் பார்த்தோம். குழியின் இடது பக்கம் முழுசாகப் படுத்திருந்தது. ஆளுயரக் குழி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. அதற்குள்ளே யாரும் இல்லை. இருந்தாலும் ரேடியோ தன் தோளைத் தொட்டுப் பார்த்தான், பிறகு என் தோளை. மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. முதலாளியின் முகம். ஜன்னல் மூடியது.

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் எறங்கச் சொன்னேன்," என்றார். "அவரு சொன்னாரு, நான் சொன்னேன். அவன் குழியப் பாத்தான், என்னப் பாத்தான். மேஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எறங்கிட்டான்." அண்ணியை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. "தங்கச்சி, உன் மூஞ்சியப் பாக்க பயந்துதாம்மா பதினெட்டு நாளா தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு திரியறேன்."

அண்ணி அவரைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"அழுதா ஆபரேஷன் நடக்காது அண்ணே," என்றார். "எழுதிக் குடுங்க."

"காகிதம் இருக்காடா?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார்.

லாரி டிரைவர் தன் நோட்டிலிருந்து மூன்று தாளைக் கிழித்துக் கொடுத்தான். கவிழ்த்து வைத்த மண் சட்டிதான் மேசை. முதல் வரியில் என்னைப் பற்றி எழுதினேன்: வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று. பிறகு அன்றைக்கு நடந்தது. பலகை கேட்டது, கார்க் கண்ணாடி இறங்கியது, அந்த வார்த்தை. மேஸ்திரியின் இடம் வந்ததும் பேனா நின்றது.

"எழுது. என் வாயாலதான் சொன்னேன்னு எழுது."

"அத எழுதினா உங்க மேலயும் வரும் மேஸ்திரி."

"வரட்டும். எம்மேல வரவேண்டியது எம்மேல வரட்டும். அவரு மேல வரவேண்டியத எவனும் தடுக்கக் கூடாது. எழுதுடா."

எழுதி முடித்து, எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடவில்லை. அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு குடிக்கலங்கிற எடத்த இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன்.

"இன்னொரு தடவ."

மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். ரேடியோ போட்டான். நான் போட்டேன். எடுத்து மடிக்கப் போனபோது கட்டையன் கையைப் பிடித்தான்.

"கீழ எடம் இருக்கா? இன்னிக்கு இதே வீட்டுல, பலகை இல்லாம எங்களையும் எறங்கச் சொன்னாருன்னு எழுது. குழி சரிஞ்சதையும் எழுது. நாங்க ஆறு பேரும் பாத்தோம்ல?" அவன் ஆட்களில் ஒருவன் இழுத்தான்: "நமக்கு எதுக்குண்ணே வம்பு? நம்ம கான்ட்ராக்டர் கேட்டா?" கட்டையன் சேறு காய்ந்த தன் உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினான். "நம்ம கான்ட்ராக்டர் என்ன, பலகையோடயா சுத்துறான்? போன மாசம் உன்ன எறக்கினானே, அப்ப உனக்கு எதுக்கு வம்புன்னு மண்ணு கேட்டுச்சா?" அவன் தலையைச் சொறிந்தான். பிறகு பேனாவை வாங்கினான். ஆறு பேரும் போட்டார்கள். கையெழுத்துத் தெரியாத ஒருவன் விரலைச் சேற்றில் தொட்டு வைத்தான்.

முதலாளி திரும்பி வந்தபோது நாங்கள் குழியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். யாரும் தவறி விழக்கூடாது. அவர் குரல் இப்போது வேறாக இருந்தது.

"மேஸ்திரி, குடோனுக்குப் போன் பண்ணிட்டேன். பலகை வந்துக்கிட்டு இருக்கு. வேலைய முடிச்சிடுங்க. வீட்டுல பொம்பளைங்க கஷ்டப்படுறாங்க. ஷெட்டு விஷயம் அப்புறம் பேசிக்கலாம்."

பலகை இருக்கிறது. வண்டியும் இருக்கிறது. எல்லாம் எப்போதும் இருந்திருக்கிறது. ஒரு போன் தூரத்தில். அண்ணி அதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த ஒரு போனுக்குத்தான் அவர் புருஷனின் இடுப்பு போனது.

மேஸ்திரி எழுந்து நின்றார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தோளில் கிடந்த துண்டை எடுக்காமல் முதலாளியிடம் பேசினார்.

"நாளைக்கு விசாரணை இருக்குங்க. முடிஞ்சப்புறம் வந்து பாக்குறோம்."

"நாளைக்கா? தண்ணி?"

"ரெண்டு நாள் தாங்கிட்டீங்க," என்றார் அண்ணி. "அவரு மூணு மாசமாத் தாங்குறாரு."

மண்வெட்டி, கடப்பாரை, ரெஞ்சு எல்லாவற்றையும் அள்ளி லாரியில் போட்டோம். நாளைக்கு அலுவலகத்தில் எங்களை நம்புவார்களா, தெரியாது. ஷெட்டில் இருக்கிற இரண்டு பெட்டியும் பாயும் இந்நேரம் தெருவில் கிடக்கலாம். அதைக் கட்டையனிடம் சொன்னேன்.

"எங்க ரூம்புல ஆறு பேரு," என்றான். "ஒருக்களிச்சுப் படுத்தா ஒம்போது. இந்த ரேடியோ ராத்திரியும் பாடுமா?"

"பேட்டரி தீர்ற வரைக்கும்" என்றான் ரேடியோ.

அண்ணி லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, காகிதத்தைச் சேலையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். மேஸ்திரி கீழேயே தயங்கி நின்றார். அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த கடப்பாரையை ஓரமாகத் தள்ளி இடம் விட்டார்.

"ஏறுங்க. ஆஸ்பத்திரி வழியாத்தான் போகுது. அவருகிட்டயும் உங்க வாயாலயே சொல்லிடுங்க."

மேஸ்திரி ஏறினார்.